எண்ணாமல் விட்ட ஆள்

சுற்றுலா வண்டியில் ஏறுகிறவர்களுக்கு முதல் நாள் எல்லாமே அழகாகத் தெரியும். இரண்டாம் நாள் கால் வலிக்கும். மூன்றாம் நாள் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடிக்காமல் போகும். நான்காம் நாள், ராஜாவாவது கோட்டையாவது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். இத்தனைக்கும் பிறகு ஐந்தாம் நாள் வெயிலில், பாழடைந்த நகரத்துத் தூண்களுக்கு நடுவே நிறுத்தி அதே கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஒருத்தியால் முடியும் என்றால், அது எங்கள் அக்காவால்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் கைடு, நான் டிரைவர். என்னைவிட நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா. பதினெட்டு வருஷமாக ஒரே வண்டி, ஒரே பாதை, ஆறு நாள் சுற்று. அவளுக்கு அதற்கு முன்னாலும் ஆறு வருஷம் உண்டு. வருஷத்தில் ஐந்து மாதம்தான் சீசன். அந்த ஐந்து மாதமும் திங்கள் காலை கிளம்பி சனி மாலை திரும்புவோம். ஞாயிறு ஒரு நாள் துணி துவைக்க.

அவள் கைடு வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை கைடுக்குக் காய்ச்சல். வண்டி வாசலில் நிற்கிறது, ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் அவள் கையில் ஒரு நோட்டைத் திணித்து, "இதைப் பார்த்துப் படிச்சாப் போதும்மா" என்று ஏற்றிவிட்டார். ஆறு நாளும் குனிந்த தலை நிமிராமல் நோட்டைப் படித்திருக்கிறாள். வண்டியே தூங்கியிருக்கிறது. திரும்பி வந்து இரண்டு நாள் அழுதாளாம். மூன்றாம் நாள் அந்த நோட்டை மூலையில் போட்டுவிட்டு, எந்த இடத்தில் எந்த வார்த்தைக்கு ஆள் சிரிப்பான் என்று யோசிக்க ஆரம்பித்தாள். காய்ச்சல்காரர் தேறி வந்தபோது அவருக்கு வேலை இல்லை.

அவளிடம் மொத்தம் ஒன்பது ஜோக் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். கோட்டை வாசலில் ஒன்று, ராணி குளித்த தொட்டியில் ஒன்று, உப்பு ஏரியில் செருப்பைக் கழற்றும்போது ஒன்று. முந்நூறு தடவைக்குக் குறையாமல் கேட்டிருக்கிறேன். ஆனாலும் தொட்டி ஜோக்குக்கு இன்றைக்கும் எனக்கு உதடு கோணும். என்ன ஜோக் என்று கேட்காதீர்கள், நான் சொன்னால் சிரிப்பு வராது. அவள் அதைச் சொல்லும்போது ஒரு நொடி நிறுத்துவாள் பாருங்கள், அந்த நொடியில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளியே இப்படி என்றால், வீட்டில் நேர்மாறு. சனிக்கிழமை அவளை வாசலில் இறக்கிவிடுவது நான்தான். படியேறும்போதே முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துவிடும். செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் வெந்நீரில் வைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்காருவாள். எது கேட்டாலும் "ம்", "ம்ஹூம்". அவ்வளவுதான். தொண்டை ஒத்துழைக்காது, மனசும் ஒத்துழைக்காது. "ஆறு நாள் பேசும் படம், ஏழாம் நாள் ஊமைப் படம்" என்று அவள் மகள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

வீட்டைத் தாங்கியது அவள் புருஷன்தான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. ஒரு கையால் கடிதக் கட்டை எடுத்து, மறு கையால் ஊர் ஊராக அடுக்கில் போடுவார். முப்பது வருஷம். மகளுக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போனது, காய்ச்சலுக்கு ராத்திரி முழித்திருந்தது எல்லாம் அவர். சீசன் சமயத்தில் அவருக்கு லீவு கிடைக்காது. லீவு கிடைத்தால் குழந்தைக்கு ஆள் கிடைக்காது. அப்படியே காலம் ஓடிவிட்டது. பெண்டாட்டி ஊர் உலகத்துக்கே காட்டிய இடங்களில் ஒன்றைக்கூட அந்த மனுஷன் பார்த்ததில்லை.

போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். அதே வருஷம் கண் கைவிட ஆரம்பித்தது. பார்வைக்கு நடுவில் ஒரு கறை. சுற்றி இருப்பது தெரியும், எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. முதலில் எழுத்து போனது, அப்புறம் முகம். ஆளைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆளின் காதைப் பார்ப்பார், அப்போதுதான் ஓரத்தில் முகம் அகப்படும். ஊசி போட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. "அடுத்த வருஷம் இந்தளவுகூட இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பெரும்பள்ளத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் சுற்றில் கடைசியாக வரும் இடம் அது. ஆறு அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. மழைக்காலம் வந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள், மறுபடி திறக்க ஏழு மாதம் ஆகும். ஏழு மாதத்தில் அவர் கண் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த சீசனுக்குள் போயாக வேண்டும். ஆனால் எந்த வாரமும் சீட் காலியில்லை. கடைசி வாரம், கடைசி சுற்றில், ஒருவர் வரவில்லை என்றதும் அவர் பேரை எடுத்துவிட்டுப் பட்டியல் அச்சடித்தார்கள், அந்த சீட் காலியானது. அதில் மாமாவை ஏற்றினாள். பட்டியலில் முப்பது பேர். மாமா முப்பத்தொன்று.

அவர் யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. கைடு தன் வீட்டு ஆளைக் கூட்டிவந்தால் பயணிகளுக்குக் கண் உறுத்தும். அவருக்கு மட்டும் நல்ல சீட்டு, அவருக்கு மட்டும் கூடுதல் விளக்கம் என்று கம்பெனிக்கு எழுதிப்போடுவார்கள். அதனால் அவள் அவரை "சார்" என்றாள், அவர் அவளை "மேடம்" என்றார். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், இந்தக் கோட்டையக் கட்டினவருக்கு எத்தனை பெண்டாட்டி?" என்று கேட்பார். "ஒண்ணுதான் சார். அதனாலதான் சுவரை இவ்வளவு உயரமாக் கட்டினார்" என்பாள். வண்டி சிரிக்கும். இருபத்து நான்கு வருஷத்தில் பத்தாவது ஜோக் அன்றைக்குத்தான் பிறந்தது.

அந்த நான்கு நாளும் அவர் கோட்டையைப் பார்த்ததைவிட அவள் காதைப் பார்த்ததுதான் அதிகம். நான் கண்ணாடியில் கவனித்தேன்.

அக்கா களைத்துப்போயிருந்தாள். சீசன் முடிகிற வாரம் யாருக்கும் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. குரல் கம்மி, வெந்நீர் குடித்துக் குடித்து ஓட்டினாள். இடது கால் வீங்கியிருந்தது. இரண்டு இடங்களுக்கு நடுவில் கிடைக்கிற இருபது நிமிஷத்தில் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வாள். "நாலு நாளு, மூணு நாளு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை லீவுக்கு எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு அந்த வாரக் கூட்டத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். ரிட்டயர்டு. எதற்கும் கேள்வி, கேள்விக்கு மேல் கேள்வி. தூண் எத்தனை அடி, கல் எந்த ஊர்க் கல், மேஸ்திரி பேர் என்ன? அந்த மேஸ்திரியே எழுந்து வந்தாலும் இவரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பான்.

ஐந்தாம் நாள் காலை பாழ் நகரம், மத்தியானம் பெரும்பள்ளம். நடு வழியில் நாங்கள் தங்குகிற விடுதி. பாழ் நகரத்திலிருந்து விடுதிக்கு ஒரு மணி நேரம், விடுதியிலிருந்து பள்ளத்துக்கு இன்னொரு மணி நேரம். பள்ளத்தில் மூன்றரைக்கு மேல் ஆளை உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்கு அதுவே கடைசி நாள், சாயங்காலம் சங்கிலி போட்டுவிடுவார்கள்.

காலையில் வண்டி கிளம்பும்போதே ஒரு அம்மாளுக்கு வயிற்றைப் புரட்டியது. முன் சீட்டில் உட்கார்ந்தால் தேவலை என்றாள். மாமா உடனே எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். போகும்போது போனை என் பக்கத்துச் சொருகியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் போனார். எல்லாம் அந்த நல்ல மனசால் வந்த வினை.

பாழ் நகரத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் உள்ளே போக வேண்டும், இன்னொன்றில் வெளியே வர வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி, இடிந்த வளைவு, பக்கத்தில் ஒரு மரம். ஆட்களை உள்ளே போகிற வாசலில் இறக்கிவிட்டு, வண்டி போய் நிற்பது வெளியே வருகிற வாசலில். இறங்குவதற்கு முன் அக்கா இதை மைக்கில் இரண்டு தடவை சொல்வாள். அன்றும் சொன்னாள். அந்த நேரம் மாமா குமட்டுகிற அம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி நிழலில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு எல்லாரும் ஏறினார்கள். அக்கா எண்ணினாள். கையால் எண்ணமாட்டாள், அது மரியாதை இல்லை என்பாள். நடுவில் நடந்துகொண்டே சீட்டின் தலைப்பக்கத்தை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு போவாள். முப்பது வந்தது. அவளுக்கு அந்த வாரம் முழுக்க வேண்டியிருந்த எண் முப்பது. முப்பது வந்தால் வண்டி எடுக்கலாம். நாலு நாளும் மாமாவை அவள் எண்ணவே இல்லை. அவர்தான் முன்னாலேயே இருந்தாரே, அவரை எதற்கு எண்ணுவது?

"போலாம் தம்பி" என்றாள். நான் கதவை மூடினேன். கண்ணாடியில் முன் சீட்டில் ஒரு தலை தெரிந்தது. அது அந்த அம்மாள் தலை என்று எனக்கு உறைக்கவில்லை. பதினெட்டு வருஷ டிரைவர் நான். என்னத்தைச் சொல்ல?

விடுதியைத் தாண்டும்போது மணி இரண்டு. சொருகியில் கிடந்த போன் அடித்தது. அக்கா எடுத்துப் பார்த்தாள். மகள். அப்பாவிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசி வரிசை வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். போன் அடித்து ஓய்ந்தது. திரும்பி வரும்போது அவள் நடை அவள் நடையாக இல்லை. இரண்டு பக்கமும் சீட்டைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

"தம்பி, ஓரமா நிறுத்துங்க" என்றாள். "அவரை விட்டுட்டு வந்துட்டேன்."

கண் சரியாகத் தெரியாத மனுஷன். கால் வைக்கிற இடமெல்லாம் குழியும் உடைந்த படியுமாகக் கிடக்கிற இடம். கையில் போன்கூட இல்லை. அக்கா பாழ் நகரத்து டிக்கெட் கவுண்டருக்குப் போன் போட்டாள். கவுண்டர்க்காரர் எங்களுக்குப் பழக்கம். லைனில் இருக்கச் சொல்லிவிட்டுத் தேடப் போனார். ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் அவள் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமா உள்ளே போகிற வாசலில், மரத்தடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தாராம். ஒரு மணி நேரமாக. போனை வாங்கி அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"மேடம், இங்க நான் ஒருத்தன் இருக்கேன்" என்றார்.

அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "எண்ணலைங்க. உங்களை நான் எண்ணவே இல்லை" என்றாள்.

"சரி, அதுக்கென்ன இப்போ. நிழல் இருக்கு, தண்ணி இருக்கு. நீ வேலையைப் பாரு."

நான் ஏற்கனவே ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டேன். அக்கா என் தோளில் கையை வைத்தாள்.

"திருப்பாதீங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"இப்பத் திரும்பினா அங்க போக மூணு. அங்கிருந்து பள்ளத்துக்கு ரெண்டு மணி நேரம். அஞ்சு ஆயிடும். யாரையும் உள்ள விட மாட்டாங்க."

"மாமாவை யாராவது கொண்டுவந்து விட்டா?"

"கவுண்டர்காரர்கிட்ட சைக்கிள்தான் இருக்கு. மத்த வண்டியெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடியே போயிடுச்சு. இங்கிருந்து ஒரு காரை அனுப்பினாலும் அதே அஞ்சு மணிதான்." ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "திரும்பினா முப்பத்தோரு பேரும் பார்க்க மாட்டாங்க. போனா முப்பது பேராவது பார்ப்பாங்க. போங்க தம்பி."

கணக்கு சரிதான். எங்கே தட்டிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. தப்பான கணக்காக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். மனுஷன் பார்க்க ஆசைப்பட்ட ஒரே இடம், பார்க்க மிச்சமிருந்த ஒரே நாள். அதை முப்பதால் வகுத்து ஓரமாக வைத்துவிட்டு மைக்கை எடுக்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மைக்கில் சொன்னாள்: "ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. நம்மகூட வந்த ஒருத்தர் பின்னாடி தங்கிட்டார். பத்திரமா இருக்கார். சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுவோம். உங்க பயணத்துல எந்த மாற்றமும் இல்லை."

வாத்தியார் எழுந்தார். எழாமல் இருப்பாரா? "யாரு, அந்தக் கடைசி சீட்டுக்காரரா? அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா! காலையிலகூட அந்த அம்மாவைக் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டார், தானே தட்டுத் தடுமாறிட்டு. அவரை விட்டுட்டா போறோம்?"

"பத்திரமா இருக்கார் சார்."

"என்ன பத்திரம்? ஒரு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்க. உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவீங்களா?"

நான் பாதி எழுந்துவிட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டி, உட்காருங்கள் என்று காட்டினாள்.

"மன்னிச்சிடுங்க சார். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

பின் வரிசையிலிருந்து ஒருவர், நாங்கள் வந்ததே பள்ளத்தைப் பார்க்கத்தான் என்றார். இன்னொரு அம்மாள் அவரைத் திட்டினாள். வாத்தியார் இரண்டு பேரையும் திட்டினார். நான் கியரைப் போட்டு மிதித்தேன். அந்த ஒரு மணி நேரப் பாதையில் போன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. மகள்தான். அக்கா எடுக்கவில்லை. அப்பா பள்ளத்தைப் பார்த்துவிட்டாரா என்று கேட்பதற்குத்தான் அந்தப் பெண் கூப்பிடுகிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பள்ளத்தின் விளிம்பில் ஒரு கம்பித் தடுப்பு. அதன் முன்னால் முப்பது பேரையும் அரை வட்டமாக நிறுத்தி, தன் பேச்சை ஆரம்பித்தாள். சுருக்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வரிகூடச் சுருக்கவில்லை. ஆழம் எத்தனை, அகலம் எத்தனை, ஆறு எத்தனை லட்சம் வருஷமாக அறுக்கிறது, எந்தப் பாறை எந்த வயசு, எல்லாம் சொன்னாள். ஜோக்கையும் விடவில்லை. அந்த ஒரு நொடியை அதே இடத்தில் நிறுத்தினாள். சிரித்தார்கள். வாத்தியார்கூடச் சிரித்தார், அப்புறம் பாறையின் வயசை மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் முடிந்ததும் எல்லாரும் படம் எடுத்தார்கள். வாத்தியார் அவளிடமே தன் போனைக் கொடுத்து எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தாள். முதல் படம் சரியாக வரவில்லை, இன்னொன்று எடுத்தாள்.

நாங்கள் கிளம்பும்போது காவல்காரர் சங்கிலியை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த சீசன்ல பார்ப்போம்" என்று எனக்குக் கை காட்டினார். நான் பதிலுக்குக் கை காட்டவில்லை.

ஐந்து மணிக்கு முப்பது பேரையும் விடுதியில் இறக்கினோம். அக்கா அறைச் சாவிகளைக் கொடுத்து, மறுநாள் காலை எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு, காலி வண்டியில் வந்து ஏறினாள். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த முன் சீட்டில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அந்த வண்டியில் பயணிகள் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைடுக்குக் கதவோரம் ஒரு மடக்கு நாற்காலிதான். செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கி வார் பதிந்திருந்தது.

"கோபமா தம்பி?"

"ஆமாக்கா."

"ம்" என்றாள்.

ஆறு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமா கவுண்டர் வாசலில், கவுண்டர்க்காரரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவுண்டர்க்காரர் வீட்டுக்குப் போகாமல் துணைக்கு நின்றுகொண்டிருந்தார், நல்ல மனுஷன். வண்டிச் சத்தம் கேட்டதும் மாமா எழுந்தார். அக்கா வெறுங்காலோடு இறங்கிப் போனாள். போய் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இவர் டிபன் பாக்ஸ்ல பாதியை நான்தான் காலி பண்ணேன். உனக்குத் தொண்டை என்ன இப்படிக் கட்டிப்போச்சு?"

இரண்டு பேரும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம். நான் வண்டியை எடுத்தேன். மூன்று பேருக்கு அவ்வளவு பெரிய வண்டி. கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு, சொல்லு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "ஆயிரத்து இருநூறு அடி ஆழம். இந்த ஆறு பல லட்சம் வருஷமா..."

"அது வேண்டாம். அதை நீ வீட்டுல மனப்பாடம் பண்ணப்ப நான் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கிட்டே கேட்டிருக்கேன். எனக்கே பாதி தெரியும். பார்க்க எப்படி இருக்கும்? அதைச் சொல்லு."

அக்கா வாயைத் திறந்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். இருபத்து நான்கு வருஷம் பேசியே பிழைத்தவள், வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

"என்ன தெரியலை?"

"நான் அதுக்கு முதுகைக் காட்டித்தானே நிப்பேன். அவங்க அதைப் பார்ப்பாங்க, நான் அவங்களைப் பார்ப்பேன். யாரு தடுப்புகிட்ட போறா, யாரு மயங்கி விழப்போறா, யாருக்குப் போரடிக்குது... பேசி முடிச்சதும் எண்ணணும், ஏத்தணும். திரும்பிப் பார்த்திருப்பேன், பார்க்காம இருப்பேனா? ஆனா நின்னு பார்த்ததில்லை. எப்படி இருக்கும்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே ஞாபகத்துல இல்லைங்க."

அவர் அவள் காதைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அப்போ நம்ம ரெண்டு பேருமே பார்க்கலை."

குறையாகச் சொல்லவில்லை. அலுப்பாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு கடிதத்தை ஒரே அடுக்கில் போடுகிற மாதிரிச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள். வாத்தியார் கேட்டபோது அழாதவள், போனில் அழாதவள், நெற்றியை முன் கம்பியில் முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதை மங்கலாகத் தெரிந்தது. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"மாமா, நான் பார்த்திருக்கேன்" என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"வண்டி நிறுத்துற இடம் பள்ளத்தைப் பார்த்துத்தான் இருக்கு. நாற்பது நிமிஷம் வேற வேலை கிடையாது. டீயைக் குடிச்சுட்டு அதைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அக்கா மாதிரி சொல்ல வராது."

"வர்ற மாதிரி சொல்லுப்பா" என்றார் அவர்.

"முதல்ல ஆழம் தெரியாது மாமா. எதிர்க்கரைதான் தெரியும். சிவப்பா, அடுக்கு அடுக்கா. மேல் அடுக்கு ஒரு ஆளு உயரம் இருக்கும்னு தோணும். அப்புறம் அங்க ஒரு புள்ளி நகரும். என்னடான்னு பார்த்தா ஆடு. அப்பத்தான் அந்த அடுக்கு எவ்வளவு பெரிசுன்னு புரியும். எனக்கு முதல் தடவை உள்ளங்கால் கூசிப்போச்சு."

"ஆறு?"

"ஆறு கீழே, பச்சையா, ஒரு நாடா அகலம். அசையாத மாதிரி இருக்கும். ஆனா காதை வெச்சுக் கேட்டா சத்தம் வரும். நாம பார்க்கிறதுக்கும் கேட்கிறதுக்கும் சம்பந்தமே இருக்காது."

"எந்தப் பக்கமா ஓடுது?"

"இடமிருந்து வலமா. நடுவில ஒரு கருப்புப் பாறை. அதைச் சுத்திக்கிட்டுப் போகுது."

அவர் விரலால் ஜன்னல் கண்ணாடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார். நடுவில் வளைத்தார். நான் விடுதி வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். சொன்னதையே சொன்னேன், நிறம் எல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னேன், நடுவில் மாடு குறுக்கே வந்து நின்றுவிட்டது. எங்கே விட்டேன் என்று எனக்கே மறந்துபோனது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீங்கின காலைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் தம்பி?" என்றாள்.